கிணற்றில் எட்டில் ஒரு பங்கு

கேள்வி: பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்களுக்குத் தோட்டம். வீட்டுக்குள் கொங்குத் தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம். நான் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறேன். "தாது வருசப் பஞ்சத்துல காங்கேயம் பக்கமிருந்து உன் பூட்டன் ஒரே ராத்திரியில வண்டி கட்டி வந்தாரு, காட்டை வெட்டித் திருத்துனாரு, இந்த மண்ணுல மொதக் கிணறு அவருதான் தோண்டுனாரு" என்று கேட்டு வளர்ந்தேன். எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. போன வருடம் அப்பாரு (பூட்டனின் மகன், என் தாத்தா) 92 வயதில் தவறினார். அவருடைய தகரப் பெட்டியில் நான்கு சாமான்கள் இருந்தன: 1086 மகரம் 14 என்று தேதி போட்ட மலையாள ஆதாரம் (நிலப் பத்திரம்), மேல்பாதி கிழிந்துபோன தமிழ்ச் சீட்டு, அப்பாருவின் கல்யாண மொய் நோட்டு, ஒரு கோயில் வரி ரசீது. 1086 என்றால் சோழர் காலம் என்கிறான் தம்பி. எல்லாவற்றையும் படமெடுத்து இணைத்திருக்கிறேன். எங்கள் வம்சத்தை எவ்வளவு தூரம் பின்னால் கொண்டுபோக முடியும்? டிஎன்ஏ பரிசோதனை உதவுமா? தை மாதம் குடும்பம் முழுக்கக் கூடுகிறோம், அதற்குள் வம்சாவளி அட்டை ஒன்று அச்சடிக்க ஆசை.

பதில்:

அம்மணி, 'மேடம்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மகள் வயதுப் பிள்ளைகளை எங்கள் பக்கம் இப்படித்தான் கூப்பிடுவோம், உங்களுக்கும் அது பழக்கமாகத்தான் இருக்கும். நில அளவைத் துறையில் 32 வருடம் சங்கிலி பிடித்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு பழைய பத்திரம் படித்துக் கொடுப்பதையே வேலையாக வைத்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய படங்களை இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன்.

முதலில் தம்பிக்கு. 1086 என்பது மலையாள நாட்டுக் கொல்லம் ஆண்டு. ஆவணி பிறக்கும்போது, அதாவது மலையாளச் சிங்கத்தில், அந்த ஆண்டு பிறக்கும். கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டினால் நம்முடைய ஆண்டு வந்துவிடும். மகரம் நம் தை மாதம். ஆகவே உங்கள் ஆதாரம் எழுதப்பட்டது 1911 ஜனவரி கடைசியில். சோழர்கள் இல்லை, ஐந்தாம் ஜார்ஜ் காலம். தம்பி வருத்தப்பட வேண்டாம். கொல்லம் ஆண்டைக் கிறிஸ்து ஆண்டு என்று நினைத்துக்கொண்டு செப்பேடு கிடைத்துவிட்ட மாதிரி ஓடி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏன் மலையாளம், ஏன் கொல்லம் ஆண்டு என்பதும் முக்கியம். சித்தூர் தாலுகா அன்று வெள்ளைக்காரன் ஆட்சியில் இல்லை. கொச்சி ராஜாவின் நாட்டிலிருந்து தனியே துண்டாகக் கிடந்த நிலம் அது. சுற்றிலும் பிரிட்டிஷ் மலபாரும் கோயம்புத்தூர் ஜில்லாவும். உங்கள் பூட்டன் பொள்ளாச்சி தாண்டி மேற்கே வண்டியை ஓட்டியபோது ஒரு அரசாங்கத்தைவிட்டு இன்னொரு அரசாங்கத்துக்குள் போனார். அதனால் உங்கள் தேடலும் இரண்டாகப் பிரியும். சித்தூர் காகிதத்தைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடினால் கிடைக்காது, கொச்சி அரசின் பழைய ஆவணங்கள் எர்ணாகுளம் காப்பகத்தில் இருக்கின்றன. காங்கேயம் பக்கத்துக் காகிதம் எர்ணாகுளத்தில் கிடைக்காது. இது தெரியாமல் வருடக்கணக்கில் தப்பான வாசலில் நின்றவர்கள் உண்டு.

இனி ஆதாரத்துக்குள் போவோம். நடுவில் 'காணம்' என்று வருகிற இடத்தைத் தம்பி சிவப்பு மையில் வட்டம் போட்டு, 'காணி!' என்று எழுதியிருக்கிறார். இரண்டும் வேறு. காணி என்பது நம் கொங்கு நாட்டில் ஒரு கூட்டத்தாருக்கு, அதாவது ஒரு குலத்தாருக்கு, பரம்பரையாக உரிமைப்பட்ட ஊர். காணம் என்பது மலையாள நாட்டு நில உரிமை முறை. ஜன்மிக்கு, அதாவது நிலத்தின் உடைமையாளருக்கு, ஒரு தொகையை முன்னால் கொடுத்து நிலத்தை வாங்கிக்கொள்வது, அந்தத் தொகைக்கான வட்டியைப் பாட்டத்தில் (குத்தகையில்) கழித்துக்கொண்டு மீதியை 'மிச்சவாரம்' என்று வருடாவருடம் அளப்பது. வழக்கமாக 12 வருடத் தவணை. ஆக, உங்கள் பூட்டன் 1911-ல் நிலத்தை விலைக்கு வாங்கவில்லை. காணக் குடியானாக உள்ளே வந்தார். நிலம் முழுச் சொந்தமானது பெரும்பாலும் 1970-க்குப் பிறகு, கேரள நிலச் சீர்திருத்தம் குடியானுக்கே உரிமை கொடுத்தபோதுதான். அப்போது லேண்ட் டிரிப்யூனலில் வாங்கிய கிரய சர்ட்டிபிகேட் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும், தேடுங்கள். அதன் எண்ணை வைத்து டிரிப்யூனல் பைலைக் கேட்டுப் பாருங்கள். நிலம் யாரிடமிருந்து, எந்த ஆதாரப்படி, யார் யார் கைக்கு வந்தது என்று குடியான் தரப்பில் சொன்னது அதில் எழுத்தாக இருக்கும். அதைச் சொன்னவர் உங்கள் அப்பாருவாகவே இருக்கலாம்.

அடுத்தது சொத்து விவரம். என்னைக் கேட்டால் இந்த ஆதாரத்தின் உயிரே அந்தக் கடைசி எட்டு வரிதான். 'பறம்பும் அதிலுள்ள கிணறு ஒன்றும் பனை பதினாலும்' என்று எழுதியிருக்கிறது. பறம்பு என்றால் மேட்டு நிலம். அம்மணி, கிணறு ஏற்கெனவே இருந்திருக்கிறது. முதல் கிணறு பூட்டன் தோண்டியது என்ற கதையைத் தை மாதக் கூட்டத்தில் மெதுவாகத்தான் இறக்கி வைக்க வேண்டியிருக்கும். அவர் பிறகு அதை ஆழப்படுத்தியிருக்கலாம், வேறு கிணறும் வெட்டியிருக்கலாம். ஆனால் வந்த அன்று அது ஆள் கால் படாத காடு இல்லை.

நாலெல்லையையும் பாருங்கள். தெற்கே வழி, மேற்கே ஜன்மியின் தரிசு, வடக்கே ஓடை. கிழக்கே? இன்னொரு 'கவுண்டன் காணப்பறம்பு'. பெயரின் முன்பாதி மடிப்பில் தேய்ந்துவிட்டது, 'கவுண்டன்' மட்டும் தெளிவாக இருக்கிறது. உங்கள் பூட்டனுக்கு முன்பே நம்மாள் ஒருவர் அங்கே குடியேறி, காணம் வாங்கி, பக்கத்து நிலத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார் என்று அர்த்தம். எல்லோரும் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவர் பெயரையும் எழுதி வாங்கியவர் பெயரையும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். நான் முதலில் நாலெல்லையைத்தான் படிப்பேன். அறியாத நாட்டுக்கு வண்டி கட்டுகிறவன் முன்பின் தெரியாதவன் பக்கத்தில் நிலம் தேட மாட்டான். அந்தக் கிழக்கெல்லைக்காரர் யார் என்று தெரிந்தால் உங்கள் கதையின் பாதி விளங்கிவிடும். அவர் உங்கள் பூட்டனுக்கு மாமனாகவோ மச்சானாகவோ அக்கா புருசனாகவோ இருப்பார் என்பது என் ஊகம். ஊகம்தான்.

ஏன் சித்தூர் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கேரளத்தில் கரிசல் மண் இருப்பது அந்தத் தாலுகாவில்தான். மழையும் மற்ற மலையாள நாட்டைப்போல அங்கே கொட்டாது. நெல்லும் தென்னையுமாக வாழ்ந்தவர்களுக்கு அது வறண்ட மேடு. சோளமும் பருத்தியும் கடலையும் விதைத்து, கிணற்றில் கவலை ஓட்டி, அதாவது மாடு கட்டித் தண்ணீர் இறைத்துப் பழகிய கொங்குக் குடியானவனுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு ஏர் பூட்டக்கூடிய மண். காங்கேயத்துக்காரர் எல்லை தாண்டினாரே தவிர, மண்ணும் வெள்ளாமையும் ஏறக்குறையப் பழையதுதான்.

சரி, ஊர்ப் பெயர். ஆதாரத்தில் எழுதி வாங்கியவர் விலாசம் இப்படி இருக்கிறது: 'கோயம்புத்தூர் ஜில்லா தாராபுரம் தாலுகா', அதன் பிறகு ராமபாணப் பூச்சி தின்ற ஓட்டை, பிறகு '...பாளையத்திலிருந்தும் இப்போது சித்தூர் தாலுகாவில் வந்து பார்க்கும் (குடியிருக்கும்)' என்று தொடர்கிறது. பாளையம்! கொங்கு நாட்டில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு பாளையத்தில்தான் விழும். ஆனால் நீங்கள் அந்த ஓட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் கையில் இருப்பது அசல். பதிவு செய்த அன்றே இதன் முழு வாசகத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பெரிய புத்தகத்தில் பார்த்து எழுதியிருப்பார்கள். அந்தப் புத்தகத்தில் இந்த இடத்தில் ஓட்டை இருக்காது. வேறு இடத்தில் இருக்கலாம், அது உங்கள் அதிர்ஷ்டம். ஆதாரத்தின் பின்பக்கத்தில் முத்திரையோடு பதிவு எண், வருடம், புத்தக எண், வால்யூம், பக்கம் எல்லாம் குறித்திருப்பார்கள். நீங்கள் முன்பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள், எல்லோரும் செய்கிற தப்பு. அந்த எண்களைக் கொடுத்து மனுப் போட்டால் சான்றிட்ட நகல், அங்கே சொல்கிறபடி 'பகர்ப்பு', கிடைக்கும். ஒரே நாளில் கிடைக்கும் என்று போகாதீர்கள். நூறு வருடப் புத்தகத்தை இறக்கித் தேட ஆள் வேண்டும், அவருக்கு அன்றைக்கு வேறு வேலையும் இருக்கும். மலையாளம் சரளமாகப் படிக்கிற ஒருவரை அழைத்துப் போங்கள். பழைய கூட்டெழுத்து இன்றைய பள்ளி மலையாளம் மாதிரி இருக்காது.

மேல்பாதி கிழிந்த தமிழ்ச் சீட்டுக்கு வருகிறேன். எனக்கு இந்த நான்கில் ரொம்பப் பிடித்தது இதுதான். கையெழுத்து கோணல், முத்திரை கிடையாது, பதிவு செய்யாத வெறும் கைச்சீட்டு. மிஞ்சிய பாதியில் இருப்பது இவ்வளவுதான்: 'கீழ்க்காட்டில் என் பாகமும் கிணற்றில் எட்டில் ஒரு பாகமும் கவலை முறையும் அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து ரொக்கம் ரூபாய் முன்னூற்றைம்பது பற்றிக்கொண்டேன், சௌமிய வருஷம் ஆனி மாதம்.' கீழே உங்கள் பூட்டன் பெயர், கைநாட்டு. சௌமிய வருடம் 1909 சித்திரையில் பிறந்தது. அதன் ஆனி என்றால் 1909 ஜூன், ஜூலை.

கிணற்றில் எட்டில் ஒரு பங்கு என்றால் என்ன என்று பெங்களூரில் உட்கார்ந்து யோசித்தால் விளங்காது. மோட்டார் வராத காலம். ஒரு சோடி மாடு கட்டி, 'சால்' என்ற தோல் பையைக் கிணற்றில் இறக்கி, மாட்டைச் சரிவில் இறக்கித் தண்ணீர் மேலே கொண்டுவருவதுதான் கவலை ஓட்டுவது. விடியற்காலம் தொடங்கி வெயில் தாழும்வரை ஓட்டினாலும் அரை ஏக்கர் நனைந்தால் பெரிது. எட்டில் ஒரு பங்கு என்றால் எட்டு நாளைக்கு ஒரு முறை உங்கள் மாட்டைக் கட்டலாம். நடுவில் ஏழு நாள் பங்காளிகள் இறைப்பதை வரப்பில் உட்கார்ந்து பார்க்கலாம். சித்திரை வெயிலில் மிளகாய் நாற்று எட்டு நாள் காத்திருக்குமா? பாட்டன் காலத்தில் ஒருவருக்கு முழுசாக இருந்த கிணறு, மகன்கள் பேரன்கள் என்று பிரிந்து எட்டாகியிருக்கிறது. அதை அண்ணனிடம் விட்டுக்கொடுத்து 350 ரூபாயோடு கிளம்பினார். முழுக் கிணறு ஒன்று சேர்ந்த நிலத்தைச் சித்தூரில் காணம் பிடித்தார். உங்கள் குடும்பம் ஊர் மாறியதற்கு நான் கொடுக்கிற காரணம் இதுதான். பஞ்சம் விரட்டி ஓடி வந்தவர் இல்லை அவர். எட்டில் ஒன்று போதாது என்று கணக்குப் போட்டு வந்தவர்.

தாது வருசப் பஞ்சம் நடந்தது உண்மை. 1876-ல் பிறந்த தாது வருடம் கோயம்புத்தூர் ஜில்லாவைக் கடுமையாக அடித்தது, 1878 வரைக்கும் மக்கள் மீளவில்லை. ஆனால் உங்கள் பூட்டன் அப்போது வண்டி ஓட்டுகிற வயதில் இருந்திருந்தால், 92 வயதில் போன வருடம் தவறிய உங்கள் அப்பாரு அவருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் பிறந்திருக்க வேண்டும். ஒத்து வராது. அடுத்த தாது 1936-ல் வந்தது, அதுவும் பொருந்தாது, ஆதாரம் 1911-லேயே எழுதியாகிவிட்டது. என் அனுபவத்தில் கொங்கு வீடுகளில் ஊர்விட்டு ஊர் வந்த கதை எல்லாமே தாது வருசத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. பூட்டனின் அப்பன் சொன்ன பஞ்சக் கதையும் பூட்டன் வண்டி கட்டிய கதையும் திண்ணையில் கலந்து ஒன்றாகியிருக்கும். பழைய கதையைத் தூக்கி எறிய வேண்டாம், ஒரு தலைமுறை மேலே நகர்த்தி வையுங்கள்.

'ஒரே ராத்திரியில்' என்பதும் நிற்காது. 1909 ஆனியில் பணம் வாங்கியவர் 1911 தையில்தான் காணம் எழுதுகிறார். நடுவில் ஒன்றரை வருடம். பணத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு எங்கே இருந்தார்? பொள்ளாச்சிக்கு ரயிலே 1915-ல்தான் வந்தது, அதற்கு முன் எல்லாம் வண்டிப் பாதை, நின்று நின்று போகிற பயணம். இங்கேதான் நான் எல்லோரிடமும் சொல்கிற விஷயத்தைச் சொல்ல வேண்டும். அப்பன் பெயர், அப்பனின் அப்பன் பெயர் என்று ஆண் வழியிலேயே ஏறினால் ஒரு படியில் வழி அடைத்துவிடும். பெண் எடுத்த ஊர், பெண் கொடுத்த ஊர் இரண்டையும் குறியுங்கள். நம் ஆட்கள் நடந்த பாதை அதில் தெரியும். நிலம் எங்கே இருக்கிறது, யார் விற்கிறான் என்ற சேதி அக்காவைக் கட்டிய ஊரிலிருந்துதான் வரும். உங்கள் பூட்டி ஆனைமலைப் பக்கம் பிறந்தவர் என்று கடிதத்தில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். அந்த ஒன்றரை வருடமும் அவர் ஆனைமலைப் பக்கம் யார் தோட்டத்திலோ வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) ஓட்டிக்கொண்டிருந்திருப்பார், பெண்ணும் அங்கேயே அமைந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. பூட்டியின் பிறந்த வீட்டை விசாரித்தால்தான் உறுதியாகும். அந்த வீட்டு ஆட்களுக்கு, 'எங்க மாப்பிள்ளை எந்த ஊர்லருந்து வந்தாரு' என்பது உங்களைவிட நன்றாக ஞாபகம் இருக்க வாய்ப்புண்டு.

பகர்ப்பு கையில் வந்து ஊர்ப் பெயர் தெரிந்ததும் தமிழ்நாட்டுப் பக்கம் வாருங்கள். அன்றைய தாராபுரம் தாலுகா பெரியது, காங்கேயமும் அதற்குள். அப்போது கோயம்புத்தூர் ஜில்லா, 1979-ல் பெரியார் மாவட்டம், பிறகு அதுவே ஈரோடு, 2009-லிருந்து திருப்பூர் மாவட்டம். ஜில்லா மாறிய ஒவ்வொரு தடவையும் பழைய கட்டுகள் சில கூடவே போயின, சில போகவில்லை. 'இங்கே இல்லை' என்று ஒரு அலுவலகத்தில் சொன்னால் இல்லவே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், முந்தைய தலைநகரத்தின் பதிவறையைக் கேளுங்கள். கேட்க வேண்டியது பழைய செட்டில்மென்ட் (நிலத் தீர்வை நிர்ணயம்) பதிவேடும், சர்வே எண் வாரியாக நிலத்தைக் குறிக்கும் அ-பதிவேடும். 1979-ல் தொடங்கிய யுடிஆர் என்ற நிலப் பதிவேடு புதுப்பிக்கும் வேலையில் பட்டாக்கள் எல்லாம் புதுப்பிக்கப்பட்டன, இன்று ஆன்லைனில் வருவது அதன் வழி வந்த கணக்கு. உங்களுக்கு வேண்டியது அதற்கு முந்தையது. தேதிகள் பசலியில், அதாவது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டில், இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அந்த வருடம் ஜூலையில் தொடங்கும் கணக்கு. பூட்டன் காணம் எழுதிய வருடம் பசலி 1320.

அங்கே உள்ள சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர் வாரியான அட்டவணை, சொத்து வாரியான அட்டவணை என்று இரண்டு உண்டு. உங்கள் கைச்சீட்டு பதிவாகவில்லை, ஆனால் அண்ணன் வழியில் பின்னால் நடந்த பாகப்பிரிவினை பதிவாகியிருக்கும். பாகப் பத்திரத்தில் இன்னார் மகன் இன்னார், செத்துப்போன தம்பி பிள்ளைகள் இன்னார் என்று முழு மரமே கிளைவிட்டு நிற்கும். பங்காளிகள் கோர்ட்டுக்குப் போயிருந்தால் இன்னும் நல்லது. பாகம் கேட்கிற பிராதில் வம்சாவளியைச் சொல்லாமல் தீராது. முன்னோர் சண்டை போட்டிருந்தால் நமக்கு லாபம் என்று நான் வருகிறவர்களிடம் சொல்வதுண்டு. சிரிக்காமல் முறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதோடு, 1980-ல் கிராமக் கர்ணம், முன்சீப் பதவிகளை அரசு ஒழித்தபோது சில கணக்குப்பிள்ளை வீடுகளிலேயே பழைய நோட்டுகள் தங்கிவிட்டன. ஊருக்குப் போனால் அந்த வீடு எது என்று கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நம் பக்கம் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்போம். ராமசாமி மகன் பழனியப்பன், பழனியப்பன் மகன் ராமசாமி. போதாததற்குச் சித்தப்பன் பேரனும் ராமசாமியாகத்தான் இருப்பான். ஓய்வு பெற்ற முதல் வருடத்தில் ஒரு குடும்பத்துக்கு மரம் வரைந்து கொடுத்தேன். அப்பன் பெயர், மகன் பெயர், ஊர் மூன்றும் பொருந்தியதும் இரண்டு வீட்டையும் ஒரே கொடியில் கட்டிவிட்டேன். அந்த இரண்டு வீட்டுக்கும் அப்போது சம்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. பங்காளி என்றால் பெண் கொடுக்க முடியுமா? உறுதி வார்த்தை நின்றுபோனது. மூன்று மாதம் கழித்து நிலத்தின் சர்வே எண்ணை ஒப்பிட்டபோதுதான் அவர்கள் வேறு, இவர்கள் வேறு என்று தெரிந்தது. இரண்டு வீட்டுக்கும் நேரில் போய், தப்பு என்னுடையது என்று திண்ணையில் நின்று சொன்னேன். கல்யாணம் நடந்தது, எனக்குப் பத்திரிகை வரவில்லை. அன்றிலிருந்து பெயர் பொருந்துவதை நான் ஆதாரமாக எடுப்பதில்லை. பெயரோடு நிலமும் பொருந்த வேண்டும், அல்லது பெண் எடுத்த ஊர் பொருந்த வேண்டும்.

கோயில் ரசீதைப் பார்த்ததும் உங்கள் பெரியப்பா, "நம்ம ஊர் அதுதான்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். அது உங்கள் கூட்டத்தின் காணிக் கோயில். காணி ஊரிலிருந்து கூட்டத்தார் பிரிந்து பல ஊர்களுக்குப் போய் எத்தனையோ தலைமுறை ஆகியிருக்கும், ஒரே கூட்டத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காணிகளும் உண்டு. 1909-ல் பூட்டன் கிளம்பிய ஊர் அதுவாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் அந்த ரசீது வேறொரு விதத்தில் உங்களுக்குத் தங்கம். கோயிலில் தலைக்கட்டு வரி நோட்டு போடுகிறவர்கள் ஊர் வாரியாகக் குடும்பங்களை எழுதி வைத்திருப்பார்கள். சித்தூருக்குப் போன தலைக்கட்டுகளை எந்த ஊர்க்காரர்களோடு சேர்த்து எழுதியிருக்கிறார்கள் என்று பழைய நோட்டில் பாருங்கள். உங்கள் பூட்டனின் அண்ணன் வகையறா அந்தப் பக்கத்திலேயே இருக்கலாம். கூட்டத்தின் வரலாறு என்று சேர மன்னனிலிருந்து தொடங்கும் அச்சடித்த புத்தகத்தை யாராவது நீட்டினால் மரியாதையாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அட்டையில் அதை ஏற்ற வேண்டாம்.

எர்ணாகுளத்தில் என்ன பார்ப்பது? 1905-ல் கொச்சி அரசு நிலத் தீர்வைக்கான செட்டில்மென்ட் பிரகடனம் வெளியிட்டது. அதையொட்டித் தயாரான பதிவேட்டில் உங்கள் நிலமும் கிழக்கெல்லை நிலமும் யார் பெயரில் இருக்கின்றன என்று தேடலாம். ஜன்மி பெயர் மட்டும் இருந்தால் கவுண்டர் யாரும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், குடியான் பெயர் விட்டுப்போயிருக்கலாம். கிழக்கெல்லைக்காரர் பெயர் இருந்துவிட்டால் அவர் உங்கள் பூட்டனுக்குச் சில வருடமாவது மூத்த குடி என்று தெரிந்துவிடும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். கிடைக்காது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய கணக்கெடுப்புத் தாள்களைப் பெயரோடு வெளியிடுகிறார்கள். இங்கே எண்ணிக்கையைக் கூட்டி எடுத்ததும் வீட்டு வாரித் தாள்களை வைத்துக்கொள்வதில்லை.

டிஎன்ஏ: பணத்தைச் சேமியுங்கள். காலங்காலமாக ஒரே சமூகத்துக்குள் மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டி வந்தவர்களுக்கு அந்தப் பரிசோதனை காட்டுகிற 'உறவினர்' பட்டியலில் பாதிக் கொங்கு நாடே வந்து நிற்கும். ஒரு ஊரின் பெயரை அது சொல்லாது.

இன்னொரு இடத்தில் கேட்க வேண்டும், இதை யாரும் கேட்பதில்லை. பூட்டன் தனியாக வந்து காடு திருத்தியிருக்க மாட்டார். பண்ணையத்துக்கு இருந்த குடும்பம் ஒன்றாவது வண்டிக்குப் பின்னால் நடந்து வந்திருக்கும். உங்கள் தோட்டத்துச் சாளையில் மூன்று தலைமுறையாக இருந்த மாதாரி வீட்டைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஆதாரத்திலும் சீட்டிலும் அவர்கள் பெயர் கிடையாது, அந்தக் காலக் காகிதம் நிலம் உள்ளவனை மட்டும்தான் எழுதியது. ஆனால் அவர்களும் அதே ஊரைவிட்டு வந்தவர்கள் என்றால் அந்த ஊரில் அவர்களுக்கும் சாமி உண்டு, சொந்தம் உண்டு. உங்கள் வீட்டில் மறந்துபோன ஊர்ப் பெயர் அந்த வீட்டுக் கிழவி ஒருத்தியின் வாயில் இன்னும் இருக்கக்கூடும். போய் உட்கார்ந்து கேளுங்கள். வாசலில் நின்றபடி கேட்காதீர்கள். அட்டையில் அவர்களுக்கும் இடம் கொடுப்பதா என்பது உங்கள் வீட்டு முடிவு. நானாக இருந்தால் கொடுப்பேன்.

எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்விக்கு என் கணிப்பு: பூட்டனின் அப்பனைக் கட்டாயம் பிடிக்கலாம், பாகப் பத்திரமோ பிராதோ கிடைத்தால் அவருடைய அப்பனையும் பிடிக்கலாம். அது 1830, 1840 வாக்கில் பிறந்த ஆளாக இருக்கும். அதற்கு மேலே காகிதம் மெலிந்துவிடும். தைக்குள் அட்டை வேண்டுமென்றால் உறுதியானதை மையிலும், ஊகத்தைப் பென்சிலிலும் போடுங்கள். அச்சகத்தில் பென்சில் கிடையாது என்றால் ஊகத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடச் சொல்லுங்கள்.

கடைசியாக மொய் நோட்டு. அப்பாரு கல்யாணம் 1956-ல் நடந்ததாக முதல் பக்கத்தில் இருக்கிறது. எல்லாப் பெயருக்கும் ஊர் எழுதியிருக்கிறார்கள்: வடகரப்பதி, எருத்தேம்பதி, ஆனைமலை, பொள்ளாச்சி. பதினோராவது பக்கத்தில் மட்டும் 'பெரியூட்டு அண்ணன் மகன், வேட்டி ஒன்று, ரூ. 5' என்று இருக்கிறது, ஊர் இல்லை. எல்லோருக்கும் தெரிந்தவர் என்பதால் எழுதாமல் விட்டிருப்பார்கள். 1909-ல் 350 ரூபாய் கொடுத்துப் பங்கு வாங்கிய அண்ணனின் மகன் அவர்தானோ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கல்யாணத்தில் மணவறைக்குப் பக்கத்தில் நின்ற அப்பாருவின் தங்கைக்கு இப்போது 88 வயது, கோவையில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சார்பதிவாளர் அலுவலகப் புத்தகம் இன்னும் ஒரு மாதம் காத்திருக்கும். நீங்கள் இந்த ஞாயிறே கோவைக்குப் போய், அந்தப் பதினோராவது பக்கத்தை விரித்து, அந்த வேட்டியைக் கொண்டுவந்தவர் எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள்.